கொட்டகையும் எல்லைச்சுவரும்: பின்புற இடைவெளியின் வரலாறு

1888ஆம் ஆண்டின் பம்பாய் நகர மாநகராட்சிச் சட்டம் ‘கட்டடம்’ என்ற சொல்லுக்குத் தரும் விளக்கம் மிக அகலமானது. வீடு, புறவீடு, குதிரை லாயம், கொட்டகை, குடிசை யாவும் அதன்படி கட்டடமே. கல்லால் எழுப்பியதா, செங்கல்லாலா, மரத்தாலா, மண்ணாலா, உலோகத்தாலா என்ற வேறுபாட்டை அச்சட்டம் பார்ப்பதில்லை. 1957இல் வந்த தில்லி மாநகராட்சிச் சட்டமும் ஏறத்தாழ இதே பட்டியலைக் கையாண்டு, கழிப்பிடத்தையும் சுவரையும் அதில் சேர்த்தது. மனையின் சுற்றுச்சுவரை மட்டும் விட்டுவிட்டது. கூடவே ஒரு விலக்கையும் அளித்தது: இடம்பெயர்த்துக் கொண்டுபோகத்தக்க தங்கிடம் கட்டடம் ஆகாது. நான்கு இரும்புக் குழாய்களை நட்டு அவற்றின்மேல் தகரம் வேய்ந்து, பழைய மிதிவண்டியையும் தோட்டக் கருவிகளையும் போட்டுவைக்கும் ஒரு குடும்பம், தான் ‘கட்டடம்’ கட்டியதாக ஒருபோதும் எண்ணுவதில்லை. சட்டமோ அப்படித்தான் எண்ணுகிறது. குழாயின் அடியில் சிமெண்டுக் கலவை போட்டு இறுக்கியிருந்தால் ‘இடம்பெயர்க்கத்தக்கது’ என்ற வாதத்துக்கும் வலுவிருக்காது.

இந்திய நகரங்களின் வீட்டுமனைப் பூசல்களில் பின்புறக் கொட்டகைக்கு நிலையான ஓர் இடம் உண்டு. அடுத்த வீட்டார் புகார் அளிக்கிறார். நகராட்சியிலிருந்து அறிவிப்பு வருகிறது. பொறியாளர் அளவுநாடாவுடன் வந்து கொட்டகையின் விளிம்புக்கும் எல்லைச்சுவருக்கும் உள்ள தூரத்தை அளக்கிறார். கட்டடத்துக்கும் மனையின் எல்லைக்கும் நடுவே கட்டாயமாக விடவேண்டிய திறந்தவெளியை, அலுவலக வழக்கில் ‘செட்பேக்’ எனப்படுவதை, கொட்டகை எவ்வளவு விழுங்கியிருக்கிறது என்பதே அங்கே கேள்வி. அதனால் அடுத்த வீட்டாருக்கு என்ன கெட்டது, எந்தச் சன்னல் இருண்டது, எந்த முற்றத்தில் தகரத்தின் வெக்கை அடிக்கிறது, மழைநீர் எவர் சுவரில் வழிகிறது என்று அந்த அளவையில் எவரும் கேட்பதில்லை. இக்கேள்விகளே வழக்கின் உயிராக இருந்த காலம் ஒன்று உண்டு. அவை எப்படி நழுவிப்போயின என்பதில்தான் பின்புற இடைவெளியின் வரலாறு அடங்கியிருக்கிறது.

நகராட்சிகள் வீட்டுக் கட்டுமானத்தை நெருங்கிக் கண்காணிக்கத் தொடங்குமுன், அண்டை வீட்டாரிடையே எழுந்த இத்தகைய சச்சரவுகள் உரிமையியல் நீதிமன்றத்துக்கே சென்றன. 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம் அதற்கு ஒழுங்கான வடிவம் தந்தது. ஒரு கட்டடத்துக்குள் வரும் வெளிச்சத்தையும் காற்றையும் 20 ஆண்டுகள் இடையூறின்றி அமைதியாகத் துய்த்து வந்தால், அது முழு உரிமையாகிவிடும். அடுத்த மனைக்காரர் பிறகு சுவரெழுப்பி அதை மறித்தால் வழக்குத் தொடரலாம். ஆனால் மறித்தார் என்பது மட்டும் போதாது. குறிப்பிடத்தக்க சேதம் விளைந்ததென மெய்ப்பிக்க வேண்டும்: சொத்தின் மதிப்புக் குறைந்திருக்க வேண்டும், அல்லது குடியிருப்போரின் உடல்நலச் சௌகரியம் கெட்டிருக்க வேண்டும், அல்லது அங்கே வழக்கமாக நடந்த தொழில் தடைப்பட்டிருக்க வேண்டும். எத்தனை அடி தள்ளிக் கட்டவேண்டும் என்று அச்சட்டம் எங்கும் சொல்லவில்லை. குறிப்பிட்ட சன்னலுக்கு வழக்கமாக வந்த ஒளியின் அளவே உரிமையின் அளவு.

அதே சட்டம் வழக்காற்று வசதியுரிமைகளுக்குத் தரும் எடுத்துக்காட்டுகளில் ஒன்று, அண்டை வீட்டின் மறைவான பகுதிகள் தெரியும்படி புதிய சன்னல் திறக்கக் கூடாதென்ற ஊர்வழக்கம் பற்றியது. அச்சட்டம் தொடக்கத்தில் சென்னை மாகாணம், மத்திய மாகாணங்கள், குடகு ஆகியவற்றில் மட்டுமே நடைமுறைக்கு வந்தது. பம்பாய்க்கும் வடமேற்கு மாகாணங்களுக்கும் 1891இல்தான் நீட்டிக்கப்பட்டது. ஆயினும் அதற்கு முன்பே, 1888இல், அலகாபாத் உயர்நீதிமன்றம் இத்தகைய வழக்கமொன்றை ஏற்றுத் தீர்ப்பளித்தது. பிரதிவாதி புதிதாகக் கட்டிய தாழ்வாரமும் வாயில்களும் தம் வீட்டுப் பெண்கள் புழங்கும் பகுதியை நோக்கி அமைந்துவிட்டன என்பதே வாதியின் முறையீடு. பெண்கள் திரைமறைவில் வாழும் சமூகத்தில் அந்த வழக்கம் நியாயமற்றதன்று என்றது நீதிமன்றம். இந்திய அந்தரங்க உரிமையின் வரலாற்றை எழுதுவோர் இத்தீர்ப்பை அடிக்கடி சுட்டுவர். இங்கே வேறொன்று கவனத்துக்குரியது. நீதிபதிகள் ஆராய்ந்தது குறிப்பிட்ட ஒரு தாழ்வாரத்தையும், அதிலிருந்து தெரிந்த குறிப்பிட்ட ஒரு முற்றத்தையும்.

இந்த முறையைப் பொற்காலமாகக் காண வேண்டியதில்லை. 20 ஆண்டுகள் ஓரிடத்தில் நிலைத்தவர்க்கே அது துணை. புதிதாய்க் குடியேறியவர்க்கும் வாடகைக்கு இருப்பவர்க்கும் அதனால் கிடைத்த பயன் சொற்பம். வழக்குச் செலவைத் தாங்கும் வசதியும் வேண்டும். பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டிய மாண்டவியில் ஒரே அறையில் அடைந்துகிடந்த கூலித் தொழிலாளர்கள் எந்தச் சன்னலின் பெயரால் நீதிமன்றம் ஏறுவார்கள்? சன்னலே இல்லாத அறைக்கு வழக்காற்று ஒளி ஏது?

1896 செப்டம்பரில் அந்த மாண்டவியில்தான் மருத்துவர் அகாசியோ வியேகஸ் பிளேக் நோயை இனங்கண்டார். நகரம் காலியாகத் தொடங்கியது. ஆலைகளும் வணிகமும் ஆட்டங்கண்டன. 1898இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டுப் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை பிறந்தது. நோய்க்குக் காரணம் நெரிசலும் இருட்டும் தேங்கிய காற்றுமே என்ற நம்பிக்கை அதன் அடித்தளம். நாக்பாடாவில் தொடங்கி, நெரிசல் மிக்க பகுதிகளைக் கையகப்படுத்தி இடித்து, அகலத் தெருக்களை அது வகுத்தது. இடித்த வேகத்துக்குக் கட்டவில்லை என்பது அதன்மீது தொடக்கத்திலிருந்தே இருந்த குற்றச்சாட்டு. வரலாற்றாய்வாளர்களும் அதைப் பெரிதும் உறுதிசெய்துள்ளனர். வீடிழந்தவர்கள் பக்கத்துப் பேட்டைகளுக்கே நகர்ந்து அங்கே நெரிசலைக் கூட்டினர். காற்றுக்காகத் திறக்கப்பட்ட வெளியின் விலையை, அக்காற்றைச் சுவாசிக்க அங்கே இல்லாதவர்கள் கொடுத்தார்கள்.

அறக்கட்டளை பிடித்துக்கொண்ட அளவுகோல் ஒரு கோணம்: 63.5 டிகிரி. எதிர்க் கட்டடத்தின் உச்சியிலிருந்து அறையின் சன்னலடிக்கு இழுக்கப்படும் கோடு, தரையுடன் அந்தக் கோணத்துக்கு மேற்படக் கூடாது. கணக்குத் தெரிந்தவர் உடனே காண்பார்: இக்கோணத்தின் தொடுகோட்டு மதிப்பு ஏறத்தாழ இரண்டு. அதாவது, கட்டடத்தின் உயரத்தில் பாதியளவாவது அதன் முன்னே திறந்தவெளி இருக்க வேண்டும். 40 அடி உயரத்துக்கு 20 அடி வெளி. இந்த எண் பம்பாயின் வெயிலை அளந்து பெற்றதன்று. 1894ஆம் ஆண்டின் இலண்டன் கட்டடச் சட்டம் வீடுகளின் பின்புறத்துக்கு விதித்த கோணமும் இதுவே. அறக்கட்டளையின் தலைவராக இருந்த ஜே.பி. ஓர் இதன் தீவிர ஆதரவாளர். பம்பாய் வீடுகளில் வெளிச்சமும் காற்றும் குறித்து 1912இல் அவர் விரிவாகச் சொற்பொழிவாற்றினார். குளிர்காலச் சூரியன் அடிவானத்தை விட்டு அதிகம் எழாத ஊருக்கு வகுத்த கோணம், நண்பகலில் நிழலே விழாத மாதங்களைக் கொண்ட ஊரில் நடைமுறைக்கு வந்தது. வெப்பநாட்டில் நெருக்கமான சுவர்களும் ஒடுங்கிய சந்துகளும் நிழலுக்காகவும் இருக்கலாம் என்ற எண்ணம் அந்த விவாதத்தில் பின்தள்ளப்பட்டது.

இதற்கிடையில் மருத்துவ அறிவு நகர்ந்துவிட்டது. எலியிலிருந்து மனிதனுக்குப் பிளேக்கைக் கொண்டுசெல்வது தெள்ளுப்பூச்சி என்று 1898இலேயே கராச்சியில் போல்-லூயி சிமோன் சோதனை வழியே வாதிட்டார். 1905க்குப் பின் பரேலில் இயங்கிய பிளேக் ஆய்வுக்குழுவின் பணிகள் அதை உறுதிப்படுத்தின. தேங்கிய காற்றுக்கும் பிளேக்குக்கும் நேரடித் தொடர்பு இல்லையென்றானபின் கோணம் கைவிடப்பட்டிருக்க வேண்டும். கைவிடப்படவில்லை. காசநோய் குறித்த அச்சம் அதற்கு வேறொரு நியாயத்தைத் தந்தது. அந்த நியாயம் மருத்துவ அளவில் வலுவானதுங்கூட. காற்றோட்டமில்லா அறை காசநோய்க்கு உகந்தது என்பதில் இன்றும் ஐயமில்லை. ஆகவே விதி தவறானது என்று சொல்வதற்கில்லை. முதலில் சொன்ன காரணம் விழுந்தபோதும் எண் அசையாமல் நின்றது என்பதையே இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். இந்தப் பண்பு பின்னாளில் மீண்டும் மீண்டும் தென்படும்.

தாதர், மாதுங்கா, சயான் பகுதிகளில் அறக்கட்டளை வகுத்த புதிய மனைப்பிரிவுகளில், கட்டடங்களுக்கிடையே வெளி விடுவது குத்தகையின் நிபந்தனையாயிற்று. நிகில் ராவின் ‘ஹவுஸ், பட் நோ கார்டன்’ இந்தப் புறநகர்களில் அடுக்ககவாழ்வு உருவான கதையைச் சொல்கிறது. வீடு உண்டு, தோட்டம் இல்லை என்னும் அத்தலைப்பே கட்டடங்களைச் சுற்றி எஞ்சிய மெல்லிய வெளியின் நிலையைக் குறிப்பால் உணர்த்திவிடுகிறது. பம்பாய்க்குப் பிழைக்கச் சென்ற தமிழர்களில் ஒரு பெரும்பகுதியினர் குடியேறிய மாதுங்காவின் தெருக்கள், கட்டடங்களுக்கிடையே சீரான இடைவெளியுடன் இன்றும் காட்சி தருவது இந்த நிபந்தனைகளின் விளைவே.

இதுவரை சொன்னது வெளிச்சத்தின் வரலாறு. பின்புற இடைவெளிக்கு இன்னொரு பிறப்பும் உண்டு. நகரத் திட்டமிடல் நூல்கள் அதைத் தாழ்ந்த குரலிலேயே சொல்கின்றன. 1888ஆம் ஆண்டின் அதே பம்பாய்ச் சட்டத்தில் ‘ஹவுஸ் கல்லி’ என்ற சொல்லுக்கும் விளக்கம் இருக்கிறது. வடிகாலாகப் பயன்படுவதற்கோ, கழிப்பிடத்தையும் மலக்குழியையும் சுத்தம் செய்யும் ஊழியர் வந்துபோவதற்கோ ஒதுக்கப்பட்ட ஒடுங்கிய நிலத்துண்டு அது. வீட்டின் பின்புறத்தில் கூடைக் கழிப்பிடம். அதன் அடியில் கூடை. அதை எடுத்துச்செல்ல ஒரு மனிதர். அவரைப் பம்பாய் நிர்வாகம் ‘ஹலால்கோர்’ என்று அழைத்தது. அப்பெயரிலேயே ஒரு வரியும் வசூலித்தது. அவர் முன்வாசல் வழியாக வரக்கூடாது, தெருவில் கூடையுடன் தென்படவும் கூடாது. ஆகவே அவருக்கென்று வீடுகளின் பின்னே ஒரு வழி. கொல்லை என்ற சொல்லே தமிழில் மலங்கழிக்கச் செல்வதற்கு இடக்கரடக்கலாக வழங்குவதை நினைத்தால், பின்புறத்துக்கும் இப்பணிக்கும் உள்ள உறவு பம்பாய்க்கு மட்டும் உரியதன்று என்பது விளங்கும்.

பெங்களூரில் இது இன்னும் திருத்தமான வடிவத்தை எடுத்தது. 1898இல் அந்நகரையும் பிளேக் தாக்கியபின் மல்லேசுவரம், பசவனகுடி விரிவாக்கப் பகுதிகளில் குடியேற்றம் விரைந்தது. நேர்த்தெருக்கள், மரங்கள், பூங்காக்கள் என இன்று ஏக்கத்தோடு பேசப்படும் அப்பேட்டைகளில், முதுகுக்கு முதுகாய் நிற்கும் இரண்டு வீட்டு வரிசைகளுக்கு நடுவே ஒரு சந்து ஓடுகிறது. ‘கன்சர்வன்சி சந்து’ என்பது அதன் பெயர். முன்தெருவில் மரநிழல்; பின்சந்தில் கூடை. ஒரே வீட்டுக்கு இரண்டு முகவரிகள் இருந்தன, ஒன்று விருந்தினருக்கும் மற்றொன்று தீண்டப்படாதவருக்கும். சுகாதாரம் என்ற நவீனச் சொல்லின் உள்ளே சாதியின் பழைய ஏற்பாடு வரைபடமாகத் தீட்டப்பட்டது என்று இதைச் சொல்வது மிகையாகாது. தில்லியில் 1947க்குப் பின் எழுந்த பல குடியிருப்புகளில் காணும் பின்பக்கச் சேவைச்சந்துகளும், அவற்றை நோக்கி அமைந்த பணியாளர் அறைகளும் இதே இலக்கணத்தின் பிற்காலச் சொற்கள்.

பாதாளச் சாக்கடையும் நீர்க்கழிப்பறையும் பரவியபோது இச்சந்துகளின் வேலை போயிற்று. உலர் கழிப்பிடங்களைச் சட்டம் தடைசெய்தது 1993இல்தான். கையால் மலம் அள்ளும் முறையை ஒழிக்கும் விரிவான சட்டம் 2013இல் வந்தது. ஆனால் வசதிபடைத்த பேட்டைகளில் கூடை அதற்கு வெகுமுன்பே மறைந்துவிட்டது. எஞ்சிய வெளி யாருடையது என்ற கேள்விக்குத் தாளில் விடை தெளிவு: சந்து நகராட்சிக்கு உரியது, மனைக்குள் விடப்பட்ட வெளி உரிமையாளருடையது, ஆனால் கட்டத்தகாதது. நடைமுறையில் இரண்டுமே குப்பைக்கும் களைக்கும் தகரக் கொட்டகைக்கும் வந்து சேர்ந்தன. முன்பக்கத்தில் ஒரு கல்லை நகர்த்தக் கூசும் குடும்பம், பின்பக்கத்தை எவரும் பார்க்காத இடமாகக் கருதுவது தற்செயலன்று. அது பார்க்கப்படாமல் இருப்பதற்கென்றே உண்டாக்கப்பட்ட இடம்.

அக்காலத்தில் மறுத்துப் பேசியவர்களும் இருந்தனர். 1914இல் இந்தியா வந்த பாட்ரிக் கெடிஸ், சென்னை மாகாணத்தின் தஞ்சை, மதுரை உள்ளிட்ட பல ஊர்களை ஆராய்ந்து, நேர்க்கோட்டில் இடித்துத் தெரு வெட்டும் பழக்கத்தைக் கடுமையாகக் கண்டித்தார். தேவையான இடத்தில் மட்டும் கத்தி வைக்கும் சிகிச்சையை ஒத்த முறையை அவர் பரிந்துரைத்தார்: இடிந்த வீட்டை அகற்றித் திறந்தவெளி ஆக்கு, மற்றவற்றை விட்டுவை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரே அளவான வெளி என்பதைவிட, பல வீடுகளுக்குப் பொதுவான ஒரு முற்றம் நல்லது என்பது அச்சிந்தனையின் உட்கிடை. அவர் அறிக்கைகள் போற்றப்பட்டன. நகராட்சிகளின் துணைவிதிகளோ எண்களின் வழியிலேயே சென்றன. ஒரு கீழ்நிலை அலுவலர் சரிபார்ப்பதற்கு எண்ணே எளிது.

விடுதலைக்குப்பின் அந்த எண் நாடு தழுவியது. 1970இல் வெளியான தேசியக் கட்டட நெறித்தொகுப்பும் அதன் பின்வந்த பதிப்புகளும் குடியிருப்புக் கட்டடங்களின் பின்புறத்தில் சராசரி 3 மீட்டர் திறந்தவெளியும், எந்த இடத்திலும் 1.8 மீட்டருக்குக் குறையாமலும் இருக்க வேண்டும் என்பதைப் பொதுவிதியாகப் பரிந்துரைத்தன. நெறித்தொகுப்பு தானாகக் கட்டுப்படுத்தாது. மாநிலங்களும் மாநகராட்சிகளும் தத்தம் விதிகளில் அதை மாற்றியும் தளர்த்தியும் எடுத்துக்கொண்டன. ‘சராசரி’ என்ற சொல் அதில் இருப்பதைக் கவனிக்கலாம். ஒரு மூலையில் சற்று நெருங்கினாலும் மறு மூலையில் ஈடுசெய்யலாம் என்ற நெகிழ்வு அதில் உண்டு. பல உள்ளூர் விதிகளில் அது உதிர்ந்துபோய், குறைந்தபட்ச அளவு மட்டும் நிலைத்தது.

ஒரே எண் எல்லார்க்கும் ஒரே சுமையன்று. 30 மீட்டர் ஆழமுள்ள மனையில் முன்னே 3 மீட்டரும் பின்னே 3 மீட்டரும் விட்டால், ஐந்தில் நான்கு பங்கு ஆழம் கட்டுவதற்கு எஞ்சும். 9 மீட்டர் ஆழமுள்ள மனையில் அதையே செய்தால் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும். இதை உணர்ந்து தில்லி உட்படப் பல நகரங்கள் சிறுமனைகளுக்கு விலக்கு அளித்துள்ளன. விலக்கின் எல்லைக்குச் சற்று மேலே நிற்கும் நடுத்தர மனைகளில்தான் பூசல் மிகுதி. சமையலறைக்கு ஒரு நீட்டிப்பு, மகன் திருமணத்துக்குப்பின் ஓர் அறை, சலவை இயந்திரத்துக்கு ஒரு மறைப்பு என்று கொல்லைப்புறம் நிரம்பியது. நாட்டிலேயே மிகக் கறாராகத் திட்டமிடப்பட்ட நகரம் எனப் பெயர்பெற்ற சண்டீகரில் வீட்டுவசதி வாரிய வீடுகளின் பின்முற்றங்கள் இப்படி நிறைந்தபோது, வாரியம் அதற்கு ‘தேவை அடிப்படையிலான மாற்றங்கள்’ என்று பெயரிட்டுத் தனிக் கொள்கையே வகுக்க நேர்ந்தது. 1952இலிருந்து தனிச்சட்டத்தால் ஆளப்படும் நகரத்தின் அலுவலக மொழியில் ‘தேவை’ என்ற சொல் நுழைந்தது சிறிய செய்தியன்று.

எல்லாரும் ஓரளவு மீறியிருக்கும் விதியை அரசு எப்படிக் கையாளும்? இடிப்பதற்கு முன்பாகவே அது காலக்கோடு வரையக் கற்றுக்கொண்டது. மும்பையில் குடியிருப்பல்லாத கட்டுமானம் 1962 ஏப்ரல் 1க்கு முன்பும், குடியிருப்புக் கட்டுமானம் 1964 ஏப்ரல் 17க்கு முன்பும் இருந்ததென மெய்ப்பித்தால், அது ‘சகித்துக்கொள்ளப்பட்ட’ கட்டுமானம். அனுமதி பெற்றதாக ஆகாது, இடிபடவும் செய்யாது. சட்டத்துக்கும் மீறலுக்கும் இடையே இப்படியொரு மூன்றாம் நிலை. அதன் விளைவு வரலாற்று மாணவர்களுக்குச் சுவையானது. ஒரு கொட்டகையைக் காப்பாற்ற விரும்புபவர், அது யாருக்கும் தீங்கு செய்யவில்லை என்று காட்டத் தேவையில்லை. அது பழையது என்று காட்டவேண்டும். 1961-62ஆம் ஆண்டின் வரிமதிப்பீட்டுப் பதிவு, மங்கிய மின்கட்டண ரசீது, அளவைத் துறையின் வரைபடத்தில் பென்சிலால் இட்டதுபோன்ற ஒரு சதுரம் என்று குடும்பங்கள் பெட்டிகளைக் குடைகின்றன. தகரம் பலமுறை மாற்றப்பட்டிருக்கும், தூணும் மாறியிருக்கும். ஆவணத்தில் ‘ஷெட்’ என்ற ஒரு சொல் நிலைத்திருந்தால் போதும்.

கர்நாடகம் சென்ற வழி வேறு. அக்ரம-சக்ரம எனப்படும் ஏற்பாட்டுக்காக, 2007இல் நகர ஊரமைப்புச் சட்டம் திருத்தப்பட்டது. குடியிருப்புக் கட்டடங்களில் 50 விழுக்காடு வரையிலும் பிறவற்றில் 25 விழுக்காடு வரையிலும் உள்ள மீறல்களைக் கட்டணம் பெற்று வரன்முறைப்படுத்துவது அதன் நோக்கம். நீண்ட இழுபறிக்குப்பின் 2016 டிசம்பரில் உயர்நீதிமன்றம் அதை ஏற்றது. 2017 சனவரியில் உச்சநீதிமன்றம் தடைவிதித்தது. விதிப்படி இடம்விட்டுக் கட்டியவர்கள் ஏமாளிகளா என்ற கேள்வி பெங்களூரில் எழுந்தது. அதற்கு எந்த அரசும் நேரான விடை தரவில்லை. பாதி வரை மீறினால் கட்டணம் என்றால், விதி பாதியாகிவிட்டது என்றுதானே பொருள்? மறுபுறம், ஆயிரக்கணக்கான சிறு வீடுகளை அறிவிப்பு ஒன்றின் நிழலில் நிரந்தரமாக வைத்திருப்பதும் ஆட்சியன்று. அந்நிழலில் வாழ்பவர் வார்டு அலுவலரின் தயவில் வாழ்கிறார்.

இந்தப் பாதையில் அண்டை வீட்டார் எங்கே போனார்? முதலில் அவர் வாதியாக இருந்தார். தமக்கு நேர்ந்த கேட்டைத் தாமே நிறுவினார். நகராட்சிவிதி வந்தபின் புகார்தாரராகச் சுருங்கினார். 1974இல் உடுப்பித் திரையரங்கு வழக்கில் உச்சநீதிமன்றம் அவருக்கு ஓரளவு இடத்தை மீட்டுத் தந்தது. நகரத் திட்டத்துக்கு மாறாக ஒரு கட்டடம் எழும்போது, அப்பகுதியில் வசிப்பவர் தம் சொத்தைத் துய்க்கும் உரிமை பாதிக்கப்படுகிறது. ஆகவே விதியை நடைமுறைப்படுத்துமாறு அவர் நீதிமன்றத்தைக் கேட்கலாம் என்றது அத்தீர்ப்பு. பெரிய முன்னேற்றம். ஆனால் அதன் இன்னொரு விளைவாக, அவர் தம் பாதிப்பைத் தனியே மெய்ப்பிக்க வேண்டிய தேவை மங்கியது. விதி மீறப்பட்டது என்று காட்டினால் போதும். பங்காளிச் சண்டையும் வாகனம் நிறுத்தும் தகராறும் செட்பேக் புகாராக வேடம் மாற்றிக்கொள்ள இது வழி திறந்தது. மெய்யாகவே இருளில் தள்ளப்பட்டவரின் குரலும் வன்மத்தால் எழுதப்பட்ட மனுவும் கோப்பில் ஒரே உருவில் கிடக்கின்றன. அளவுநாடா இரண்டையும் வேறுபடுத்தாது.

நீதிமன்றங்கள் இந்த வேறுபாட்டை முற்றிலும் மறந்துவிடவில்லை. கட்டக் நகரின் அடுக்ககம் ஒன்றைப் பற்றிய 2004ஆம் ஆண்டு வழக்கில் உச்சநீதிமன்றம், கட்டணம் பெற்று மீறலை இணக்கமாகத் தீர்ப்பது விதிவிலக்காகவே இருக்க வேண்டும் என்று கண்டித்தது. அந்த விதிவிலக்குக்கு உரியவை எவை என்பதையும் சொன்னது: நல்லெண்ணத்தில் நேர்ந்தவை, தவறான புரிதலால் நேர்ந்தவை, இடிப்பதால் வரும் நன்மையைவிட இழப்புப் பெரிதாக இருப்பவை. தொழில்முறைக் கட்டுமானக்காரரையும் தம் வீட்டைத் தாமே கட்டும் தனிமனிதரையும் ஒரே தட்டில் வைக்க முடியாதென்றும் கூறியது. நன்மையையும் இழப்பையும் எடைபோடும் இவ்வாசகத்தில் 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூச்சு மீண்டும் கேட்கிறது. ஆனால் எடைபோடும் பொறுப்பு அலுவலரிடம் இருக்கிறது. எடைக்கல் எதுவென்று அவருக்கு எவரும் சொல்லவில்லை.

2024இன் இறுதியில் ஐந்து வார இடைவெளியில் உச்சநீதிமன்றத்திலிருந்து வந்த இரண்டு தீர்ப்புகள் இந்தச் சிக்கலின் இரு முனைகளையும் காட்டுகின்றன. குற்றஞ்சாட்டப்பட்டவர்களின் வீடுகளைப் புல்டோசரால் இடித்த நிகழ்வுகளையொட்டி நவம்பர் 13இல் வந்த தீர்ப்பு, 15 நாள் முன்னறிவிப்பும் நேரில் கேட்கும் வாய்ப்பும் இன்றி இடிக்கக்கூடாதென்றது. சாலை, நடைபாதை, நீர்நிலை போன்ற பொதுவிடங்களில் உள்ளவற்றுக்கு இப்பாதுகாப்பு இல்லை. அக்கம்பக்கத்தில் அதேபோன்ற கட்டடங்கள் தொடப்படாமல் இருக்க ஒன்று மட்டும் திடீரெனத் தேர்ந்தெடுக்கப்பட்டால், உள்நோக்கம் உண்டென்று அனுமானிக்கலாம் என்றும் அது கூறியது. தெருவில் பெரும்பாலோர் மீறியிருக்கும் விதி, வேண்டாதவரை மட்டும் தாக்கும் ஆயுதமாவது எப்படி என்பதை இவ்வளவு வெளிப்படையாக ஒரு தீர்ப்பு முன்பு பேசியது அரிது. டிசம்பர் 17இல் வந்த தீர்ப்பு மீரட்டில் குடியிருப்பு மனையில் கட்டப்பட்ட வணிகக் கட்டடத்தைப் பற்றியது. காலம் கடந்தது, பணம் போட்டாயிற்று, அதிகாரிகள் அன்று வாய் திறக்கவில்லை என்ற எதுவும் மீறலைச் சட்டபூர்வமாக்காது என்றது அது. மும்பையின் ‘சகிப்புத்தன்மை’ நின்றுகொண்டிருக்கும் தரையே இந்த வாசகத்தால் சற்று அதிர்கிறது.

நவம்பர்த் தீர்ப்பின்படி, இறுதி ஆணையில் அலுவலர் ஒரு விளக்கம் எழுதியாக வேண்டும்: மீறல் இணக்கமாகத் தீர்க்கத்தக்கதா, அதில் ஒரு பகுதி மட்டும் அவ்வாறானதா, இல்லையெனில் ஏன் இடிப்பே வழி. ஒரு தகரக் கொட்டகைக்கான ஆணையிலும் இனி இந்தப் பத்தி இடம்பெற வேண்டும். உரிமையாளர் தம் தரப்பைச் சொல்வார். அலுவலர் காரணம் எழுதுவார். சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவரைக் கேட்க வேண்டுமென்று அந்த நடைமுறையில் எங்கும் சொல்லப்படவில்லை. மும்பையில் ஒவ்வோர் ஆண்டும் மழைக்கு முன் ஹவுஸ் கல்லிகளுக்குள் இறங்கிச் சேறும் குப்பையும் அள்ளும் தொழிலாளர்கள், கொட்டகைகளுக்கும் குழாய்களுக்கும் நடுவே உடலைத் திருப்பி நுழைகிறார்கள். அவர்களையும் அந்த நடைமுறை கேட்பதில்லை.